கூடம் கோணலாயின் ஆட்டம் செல்லாதா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மேல் பழிபோடுவோரை இடித்துரைக்கப் பிறந்தது அது. ஆனால், ஆடுபவளுக்கு ஆட்டம் நன்கு தெரிந்திருந்து, கூடமும் மெய்யாகவே கோணலாக இருந்தால் அவளுக்கு நாம் யாது கூறுவோம்? ‘கூடத்தை நிமிர்த்திக்கொண்டு வா, பிறகு உன் ஆட்டத்தைப் பார்ப்போம்’ என்போமா? அல்லது, ‘இந்தக் கூடத்துக்கு ஏற்றவாறு கோடு கீறித் தருகிறோம், ஆடு’ என்போமா? சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் இளைஞரின் விளையாட்டைப் பற்றி எண்ணும்போது இக்கேள்வியே முன்வந்து நிற்கின்றது.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கங்களிலே தேயிலைத் தோட்டங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றப் பக்கங்களிலே தேயிலையும் இறப்பரும் மலைக்கு மலை மாறிவரும் தோட்டங்கள். நுவரெலியா மாவட்டத்தைப் போல இங்கே தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே, தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே மலையும் ஆறும் குறுக்கிடச் சிதறி வாழ்கின்றனர். இரத்தினபுரி மண்ணிலே மாணிக்கக் கல்லைக்கூடத் தோண்டி எடுத்துவிடலாம். சமதரையைத் தோண்டி எடுக்க முடியாது. கிடைத்த சமதரையெல்லாம் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் லயங்களுக்கும் போய்விட, எஞ்சியிருப்பவை பிரட்டுக்களமும் கோயில் முன்றிலும் பாடசாலை முற்றமுமே. காலையிலே தொழிலாளர் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிந்துபோகும் பிரட்டுக்களம், மாலையிலே இளைஞரின் ஆடுகளமாகிவிடுகிறது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் சரிவு. பந்து சரிவிலே உருண்டுவிட்டால் அதை எடுத்து வரும்வரை ஆட்டம் நின்றுபோகும்.

இருந்தும் ஆட்டம் குறைந்தபாடில்லை. தைப்பொங்கலை ஒட்டியும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் தோட்டங்களிலே போட்டிகள் நடக்கின்றன. பதினொருவர் ஆட இடமில்லாத இடத்தில் ஐவரோ எழுவரோ உதைபந்தாடுகின்றனர். ஐம்பது ஓவர் ஆட நேரமும் நிலமும் இல்லாத இடத்தில் ஐந்தாறு ஓவர்களில் மென்பந்துக் கிரிக்கெட்டை முடித்துக்கொள்கின்றனர். கரப்பந்து வலையைக் கட்ட இரண்டு கமுக மரங்கள் போதும். கிண்ணம் உண்டு, கைதட்டல் உண்டு, சண்டையும் சமாதானமும் உண்டு. இல்லாதது ஒன்றே: அங்கீகாரம். வென்றவனுடைய பெயர் அடுத்த மலைவரை செல்கின்றது. அதற்கப்பால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

அங்கீகாரம் வெறும் அலங்காரந்தானே என்று எண்ணுவோர் இருக்கலாம். அப்படியன்று. இந்நாட்டில் விளையாட்டை ஒழுங்குபடுத்துவது 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். ஒவ்வொரு விளையாட்டுக்குமான தேசியச் சங்கம், அதன் பதிவு, அதன் விதி யாவும் அதன் நிழலிலே நிற்பவை. பாடசாலைப் போட்டிகளோ கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. பொலிஸிலும் முப்படைகளிலும் விளையாட்டு வீரருக்கு இடமுண்டு. பல்கலைக்கழக அனுமதியிலும், தேறிய மாணாக்கருள் விளையாட்டு முதலிய துறைகளில் தனித்திறன் காட்டியோருக்கென ஒரு சிறப்பு வாயில் உண்டு. இந்த வாயில்கள் அனைத்துக்கும் திறவுகோல் சான்றிதழ் என்னும் ஒரு துண்டுக் காகிதம். அக்காகிதம் பிறப்பது அங்கீகாரம் பெற்ற போட்டியிலே. அப்போட்டிக்கு வேண்டியதோ முழு அளவு மைதானம். ஏணி இருக்கிறது, அதன் முதற்படி மட்டும் தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

முழு அளவு என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு ஓடுபாதைகள் கொண்ட 400 மீற்றர் தடம் அமைக்க ஏறக்குறைய 4 ஏக்கர் சமதரை வேண்டும். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உள்ள உதைபந்தாட்டத் திடலுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். மலைச்சரிவிலே இதற்கு எங்கே போவது? மலையை வெட்டலாமே என்பர் சிலர். 2016 மே 17 ஆம் நாள் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியதை நாம் மறந்துவிடவில்லை. அதே மழையில் புலத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்டக் குடியிருப்பும் மண்ணில் புதைந்து உயிர்கள் போயின. மைதானத்துக்காகச் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழே கொட்டி, அதன்கீழ் லயங்களை வைத்திருப்பது விளையாட்டன்று, வினை.

இனி, சிறு களங்களின் கணக்கைப் பாருங்கள். தோட்டத்துக் குடும்பத்துக்குத் தனிவீடு கட்ட அளிக்கப்படும் நிலம் 7 பேர்ச்சஸ் என்பது யாவரும் அறிந்தது. கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. அஃது ஆறரைப் பேர்ச்சஸுக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் மும்மூன்று மீற்றர் வெற்றிடம் விட்டாலும் ஏறக்குறைய 14 பேர்ச்சஸ், அதாவது இரண்டு வீட்டு நிலம். நம் சடுகுடுவின் இன்றைய வடிவமான கபடிக்கு, ஆடவர் களம் 13 மீற்றருக்கு 10 மீற்றர். 5 பேர்ச்சஸைச் சற்றே தாண்டும். ஐவர் ஆடும் புட்சால் என்னும் உதைபந்தாட்டத்துக்கு 40 மீற்றருக்கு 20 மீற்றர் என்று வைத்தாலும் 32 பேர்ச்சஸுக்கு மேற்படாது. இவற்றுள் கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. கபடியோ 1990 முதல் ஆசிய விளையாட்டு விழாவில் இடம்பெறுவது. ஆகவே, சிறு களத்தில் ஆடப்படுவது சிறு விளையாட்டு என்று எவரும் சொல்லிவிட முடியாது.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. கோல்ஃப் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது பரந்த பசும்புல் வெளி. வெள்ளைக்காரர் கொழும்பில் 1879 இல் அதற்கென ஒரு கழகம் கண்டனர். பின்னர் நுவரெலியாவிலும் திடல் அமைத்தனர். மலைநாட்டுத் தமிழனுக்கும் அவ்வாட்டத்துக்கும் இருந்த உறவு பெரும்பாலும் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து செல்லும் உறவே. அத்தகைய செல்வர் விளையாட்டின் மிகப் பழைய பெரும் போட்டி எங்கே பிறந்தது தெரியுமா? 1860 இல் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக் என்னும் ஊரிலே, பன்னிரண்டு குழிகள் மட்டுமே கொண்ட ஒரு திடலிலே! எட்டுப் பேர் அத்திடலை மும்முறை சுற்றிவந்து வெற்றி தோல்வியை முடிவு செய்தனர். பின்னர் 1874 முதல் 1889 வரை அதே போட்டி ஆறு முறை மசல்பரோ என்னும் ஒன்பது குழித் திடலில் நடந்தது. பதினெட்டுக் குழிகள் என்ற வழக்கமோ வானத்திலிருந்து விழுந்ததன்று. 1764 இல் சென் அன்ட்ரூஸ் என்னும் ஊரார் தம்முடைய இருபத்திரண்டு குழிச் சுற்றைச் சுருக்கியபோது வந்து சேர்ந்த எண் அது. ஓர் ஊரின் நிலத்துக்கு இசைந்த அளவு, காலப்போக்கில் உலகுக்கே விதியாகிவிட்டது. அன்று பன்னிரண்டு குழிகளைப் பார்த்து, ‘இது போட்டியாகாது’ என்று எவரேனும் தள்ளியிருந்தால் இன்று அப்பெரும் போட்டியே இராது.

அதே குடும்பத்தில் பிறந்த ஓர் இளைய விளையாட்டு இதைவிடத் தெளிவாகப் பாடம் புகட்டுகிறது. டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். வட்டெறி என்று நாம் தமிழில் வழங்கலாம். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையளவு வட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. மிகக் குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவரே வென்றவர். 1975 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பொதுப் பூங்காவிலே இதன் முதல் நிலையான திடல் தோன்றியது. அதை அமைத்த எட் ஹெட்ரிக் என்பவரே மறு ஆண்டில் இவ்விளையாட்டின் சங்கத்தையும் நிறுவினார். இதற்குச் சமதரை வேண்டா. சரிவும் மரமும் இருந்தால் ஆட்டம் மேலும் சுவைக்கும். தொடக்கத்தில் கூடைகூட இல்லை. நட்டு வைத்த கம்பங்களே குறிகள்.

இவ்விளையாட்டில் நாம் கவனிக்க வேண்டியது வட்டையன்று. சங்கம் அங்கீகாரம் வழங்கும் முறையை. போட்டிகளை அது பல படிகளாக வகுத்திருக்கிறது. ஒரே நாளில் முடியும் உள்ளூர்ப் போட்டிக்கு ஒரு படி. பல நாள் நடக்கும் பெரும் போட்டிக்கு வேறொரு படி. ஒன்பது கூடைகளே உள்ள திடலா? இருமுறை சுற்று, அல்லது அன்றைக்கு மட்டும் சில தற்காலிகக் கூடைகளை நடு. இடம் சிறிதா? ஆட்களை அளவோடு சேர். ஒன்பது கூடைகளில் நால்வர் நால்வராக ஒரே வேளையில் தொடங்கினால் முப்பத்தாறு பேர், அதற்குமேல் வேண்டா. ஓர் ஆட்டக்காரரின் தரத்தைக் கணிக்கும் விதமோ இன்னும் அழகானது. முன்பே தரம் கணிக்கப்பட்டவர்கள் அன்று அதே திடலில் எத்தனை எறிகளில் முடித்தனர் என்பதோடு ஒப்பிட்டே மற்றவரின் தரம் கணிக்கப்படுகிறது. திடல் சிறிதாயின் எல்லோர்க்கும் சிறிது. கடிதாயின் எல்லோர்க்கும் கடிது. ஆகையால் சிறு திடலில் வென்றவன் சிறியவன் ஆகிவிடுவதில்லை. அதே வேளையில், ஒரு சுற்று இத்தனை கூடைகளுக்குக் குறையக்கூடாது என்ற வரம்பும் உண்டு. இடத்துக்கு இளகிக் கொடுக்கின்ற விதி, கணக்குக்கு மட்டும் இளகுவதில்லை.

மெய்வல்லுநர் போட்டியிலும் இதே நியாயம் நிலைபெற்றுவிட்டது. மண்டபத்துக்குள் அமைந்த 200 மீற்றர் வட்டத் தடத்தில் 1987 முதல் உலக வல்லவர் போட்டி நடைபெற்று வருகிறது. அதற்குத் தனிச் சாதனைப் பட்டியலும் உண்டு. 2023 இல் உலக மெய்வல்லுநர் சங்கம் அவற்றின் பெறுபேறுகளைக் குறிக்க ‘உள்ளரங்கு’ என்ற சொல்லை விடுத்துக் ‘குறுந்தடம்’ என்ற பெயரைக் கைக்கொண்டது. கூரை முக்கியமன்று, தடத்தின் அளவே முக்கியம் என்பதுதான் அதன் பொருள். புட்சாலும் இவ்வாறே. 1930 இல் உருகுவே நாட்டின் மொன்ரவிடியோ நகரிலே இளைஞர் சங்கம் ஒன்றின் ஆசிரியரான செரியானி என்பவர் சிறு களத்துக்கென வகுத்த ஆட்டம், 1989 இல் பீபா நடத்தும் உலகக் கிண்ணப் போட்டியாக உயர்ந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு வள்ளுவரை நினைவூட்ட வேண்டியதில்லை. கல்லாமையைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், அரங்கு வகுக்காமல் வட்டாடுவதை அவர் உவமையாக எடுத்தாள்கிறார். அங்கே அரங்கு என்பது மாளிகையன்று. தரையிலே கீறிய கட்டம். அக்கட்டம் பெரிதா சிறிதா என்று அவர் கேட்கவில்லை. கீறப்பட்டிருக்கிறதா என்றுதான் கேட்கிறார். நமது வாதமும் அதுவே. ஆட்டத்துக்குத் தகுதி தருவது நிலத்தின் பரப்பன்று; கோட்டின் நேர்மை. அளந்த களம், எழுதிய விதி, பயின்ற நடுவர், பதிந்த பெறுபேறு ஆகிய நான்கும் இருக்குமாயின் பிரட்டுக்களமும் அரங்கே. இவை இல்லாவிடில் தலைநகரத்துப் பெருந்திடலும் வெறுந்தரையே.

இதற்கு மறுப்பு இரண்டு எழும். ஒன்று, தரம் தாழ்ந்துவிடும் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. குறுகிய வளைவில் ஓடியவனின் நேரத்தை 400 மீற்றர் தடத்தில் ஓடியவனின் நேரத்தோடு ஒப்பிடல் தகாது. ஈட்டி எறிதலையும் கடினப்பந்துக் கிரிக்கெட்டையும் பிரட்டுக்களத்தில் நடத்தச் சொல்வது அறிவீனம். ஆதலால், எல்லாவற்றையும் அங்கீகரியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சிறு களத்துக்கு இயல்பாகவே உரிய விளையாட்டுகளுக்கு முழு அங்கீகாரமும், சுருக்கி ஆடப்படும் விளையாட்டுகளுக்குத் தனி வகுப்பும் கொடுங்கள். சான்றிதழிலே களத்தின் அளவையும் ஒளிக்காமல் எழுதுங்கள் என்றே கேட்கிறோம்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ‘தோட்டத்தானுக்கு இது போதும் என்று சொல்லி, சிறு களத்தையே நிரந்தரமாக அவன் தலையில் கட்டிவிடுவார்களே! முழு மைதானம் கேட்கும் உரிமையை நாமே கைநழுவ விடுவதா?’ என்று சிலர் கேட்பர். லயத்து அறையைத் ‘தற்காலிகம்’ என்று நம்பித் தலைமுறைகள் கழிந்த ஒரு சமுதாயம் இவ்வாறு ஐயுறுவது இயல்பே. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை இளைஞர் எந்த அளவுக் களத்தில் ஆடுகின்றனர் என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தால், மைதானம் கேட்டு எழுதும் மனுவுக்கு அதுவே முதுகெலும்பாகும். வெறுங்கையோடு கேட்பதற்கும் பத்தாண்டுப் பெறுபேறுகளை முன்வைத்துக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றிரண்டாவது தோட்டத்துப் பிள்ளைகள் எளிதில் சென்றடையும் முழுத் திடல்கள் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடவில்லை, விடவும் கூடாது. சிறு களம் முதற்படியாக இருக்கட்டும். அதற்குமேல் படிகள் உண்டு என்பதும் அங்கீகார விதியிலேயே எழுதப்படட்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. தோட்டத்து ஆடுகளத்துக்கு உறுதி இல்லை. நிலம் கம்பனியின் பொறுப்பில். ஆடுவதோ தயவின் பேரில். இன்று ஆடிய இடத்தில் நாளை நாற்றுமேடை எழும்பினால் கேட்பாரில்லை. அளந்து, பெயரிட்டு, மாவட்ட விளையாட்டுப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட களமாயின் அதன்மேல் கைவைக்கும் எவரும் ஒருமுறையேனும் தயங்குவர். வீட்டுக்கு நிலம் முதலில் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால், ஐம்பது வீடுகளுக்கு நிலம் பிரிக்கையில் இரண்டு வீட்டளவு களத்தையும் வரைபடத்திலே குறிப்பது இயலாத செயலன்று.

பெண்பிள்ளைகளை எண்ணினால் சிறு களத்தின் அருமை இன்னும் விளங்கும். நகரத்துத் திடலுக்குச் செல்லப் பஸ் கட்டணம் வேண்டும். கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்க்குத் துணை போக நேரமில்லை. பொழுது சாய்ந்தால் பெற்றோர்க்கு நெஞ்சிலே நெருப்பு. லயத்து வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் கரப்பந்துக் களத்துக்கோ மகளை அனுப்பத் தயக்கமிராது. பெருந்திடல் ஒன்றையே வாயிலாக வைத்திருக்கும்வரை பாதிப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியே கிடக்கும்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகளல்ல. பிரதேச விளையாட்டு உத்தியோகத்தரும் வலயத்து உடற்கல்வி ஆசிரியரும் தோட்டந்தோறும் சென்று களங்களை அளந்து வகைப்படுத்தலாம். பெலிஹுலோயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் இவ்வேலைக்குத் துணை நிற்கலாம். வீட்டுவாசலிலேயே இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் அவர்களுக்குக் கிடைக்காது. சங்கங்கள் தங்கள் நடுவர் வகுப்புகளைத் தமிழிலும் நடத்தித் தோட்டத்து இளைஞரையும் நடுவராக்க வேண்டும். விதிகள் இருமொழியிலும் இருக்குமாயின் பக்கத்துச் சிங்களக் கிராமத்து அணியும் அதே களத்தில் வந்து ஆடும். இடமில்லாத குறை கிராமத்து இளைஞருக்கும் உண்டு. ஒரே கோட்டுக்குள் நின்று ஒரே நடுவரின் ஊதலுக்குக் கட்டுப்படுவது, மேடைப் பேச்சுகள் பல சேர்ந்து சாதிக்காத நல்லிணக்கத்தைச் சாதிக்கக்கூடும். வென்ற அணி மாவட்டப் போட்டிக்கு நேரே செல்லவும், அதன் பயணச் செலவு போட்டியின் கணக்கிலேயே அடங்கவும் வழி செய்ய வேண்டும். அதில்லாத அங்கீகாரம் தபால் தலை ஒட்டாத கடிதமாகிவிடும்.

நாலு ஏக்கர் சமதரை வரும்வரை காத்திருங்கள் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது எளிது. ஆனால், ஓடும் வயது காத்திருப்பதில்லை. மைதானம் வந்து சேரும் நாளில் அவன் கொழும்பிலே ஒரு கடையில் பொதி சுமந்துகொண்டிருப்பான். அவள் வெளிநாட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பாள். அளவு நாடாவும் ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளும் ஒரு பதிவேடும் இந்த ஆண்டே கிடைக்கக்கூடியவை. அவற்றைக் கொண்டு தொடங்குவோம்.